கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று பாருங்கள்

அம்பத்தூரில் எங்கள் தெருவில் பல வீடுகளின் வாசல் சுவரில் இரண்டு ஈ.பி. மீட்டர் இருக்கும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்கு வந்த அப்பா அரை கிரவுண்டு வாங்கிக் கீழே ஒரு வீடு கட்டியிருப்பார். மகனுக்குக் கல்யாணமானதும் மேலே மாடி எழும்பும். இரண்டாவது மீட்டர் எப்போது வந்தது என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. 'சம்சாரம் அது மின்சாரம்' படம் டிவியில் ஓடினால் எங்கள் பக்கம் இன்னமும் சேனலை மாற்ற மனம் வராததற்கு, ஒரே வீட்டுக்குள் நடந்த இந்தப் பிரிவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1986ல் ஏவி.எம். தயாரிப்பில் விசு எழுதி இயக்கி, அப்பா அம்மையப்ப முதலியாராகவும் நடித்த படம். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. வீட்டின் நடுவே கோடு கிழிக்கும் காட்சியை மட்டும் மீம்களில் பார்த்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்.

விசுவின் மேடை நாடகத்திலிருந்து வந்த கதை இது. அதனால் வீட்டுக் கூடம்தான் மேடை. அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். யார் எங்கே உட்காருகிறார், யார் எழுந்து உள்ளே போகிறார் என்று கவனித்தாலே, சண்டைக்கு முன்பே அந்தக் குடும்பம் விலகத் தொடங்கியது தெரிந்துவிடும்.

சண்டை பணத்தில் வெடிக்கிறது. மூத்த மகன் சிதம்பரத்தின் மனைவி உமா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். ஆள் குறைந்துவிட்டதால் வீட்டுக்குக் கொடுக்கும் தொகையையும் குறைக்கிறான் சிதம்பரம். அவனாக நடிக்கும் ரகுவரன் இந்தக் கணக்கைப் பேசும் விதத்தைக் கூர்ந்து பாருங்கள். கூட்டல் கழித்தலில் அவன் சொல்வது தப்பே இல்லை. பெற்றவரிடம் கணக்குப் பேசுகிறோமே என்ற கூச்சம் மட்டும்தான் அவனிடம் இல்லை. வெளியே போ என்கிறார் அப்பா. நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள், போகிறேன் என்கிறான் மகன். வீட்டின் நடுவே கோடு விழுகிறது. கோட்டைக் கிழிக்கச் சொல்லி அப்பா உத்தரவு போடுவது யாருக்கு? அம்மா கோதாவரிக்கு. அந்த இடத்தில் விசுவை விட்டுவிட்டு, கோதாவரியாக வரும் கமலா காமேஷைப் பாருங்கள். புருஷனுக்கும் பெற்ற பிள்ளைக்கும் நடுவே நிற்பவள் அவள்தான்.

இவ்வளவு கனத்தை நாம் தாங்குவது மனோரமாவால். அவர் நடிக்கும் வேலைக்காரி கண்ணம்மா, தயாரிப்பாளர் ஏவி.எம். சரவணன் கேட்டுச் சேர்க்கப்பட்ட பாத்திரம். ஆனால் ஒட்டுப்போட்டது போலவே இருக்காது. மகளின் மாமனார் ஆல்பர்ட் பெர்னாண்டஸ் வீட்டுக்கே போய் அவள் அடிக்கும் கூத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பிரிந்த ஓர் உறவு ஒட்டத் தொடங்கியிருக்கும்.

வசனம் சில இடங்களில் நீளம்தான். பெண்கள்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று ஒலிக்கும் பகுதிகள் இன்றைக்கு உறுத்துகின்றன. அதற்குப் பதில் சொல்வதுபோல வருகிறது உமாவாக நடிக்கும் லட்சுமியின் கடைசிக் காட்சி. சண்டை நடந்தபோது வீட்டில் இல்லாத உமா, கைக்குழந்தையோடு வந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள். அப்பாவும் மகனும் சமாதானமாகிறார்கள். இதோடு படம் முடிந்துவிட்டது என்றுதான் முதல் தடவை பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உமாவோ, இனி ஒரே வீட்டில் வேண்டாம், தள்ளி இருந்து நல்ல நாளில் சந்தோஷமாகச் சந்திப்போம் என்கிறாள். அவள் பேசும்போது மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோபத்தில் பிரிந்தவர்கள் அன்போடு பிரிய ஒத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே தெரியும்.

முடிந்தால் மாடியில் இருப்பவர்களையும் கீழே கூப்பிட்டுச் சேர்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடைசிக் காட்சி வந்தால் யாரும் பேச மாட்டோம். படம் முடிந்ததும் அண்ணி மாடிக்குக் கிளம்புவார். அம்மா இட்லி மாவு டப்பாவை அவர் கையில் கொடுத்து அனுப்புவார்.