நீரிறைப்புச் சோதனைத் தரவுகளைப் பொருள்கொள்ளும் முறை: நங்கநல்லூர்ப் பாறை நிலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கிணற்றிலிருந்து சீரான வீதத்தில் நீரை இறைத்து, நீர்மட்டம் நேரத்தோடு இறங்குவதை அளந்து, நிலத்தடி நீர்த்தாங்கியின் இயல்புகளைக் கணிப்பதே நீரிறைப்புச் சோதனை. நீர்த்தாங்கி தன்வழியே நீரைச் செல்லவிடும் ஆற்றலைக் கடத்துதிறன் என்றும், நீர்மட்டம் தாழும்போது அது விடுவிக்கும் நீரின் அளவைச் சேமிப்புக் கெழு என்றும் குறிப்பர். தைஸ் 1935-இல் தந்த சமன்பாடும், கூப்பரும் ஜேக்கபும் 1946-இல் அதை எளிமையாக்கி வகுத்த நேர்கோட்டு முறையும் இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றன. இம்முறை பாறை நிலத்துக்கு அப்படியே பொருத்தப்படும்போது நேரும் பிழையை, நங்கநல்லூரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கருதுகோளும் களமும்

தைஸின் நீர்த்தாங்கி எல்லையற்றுப் பரந்தது. எங்கும் ஒரே தன்மையும் தடிப்பும் உடையது. அதில் கிணற்றின் விட்டம் புறக்கணிக்கத்தக்கது. நங்கநல்லூரோ பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் அடுத்துள்ள சார்னோகைட் பாறைப் பகுதி. இப்பாறைக்கு 1893-இல் பெயரிட்டவர் தாமஸ் ஹாலந்து. இதன் திண்ணிய உடலில் நீர் தங்க இடமில்லை. மேலுள்ள சிதைவடுக்கிலும் கீழுள்ள விரிசல்களிலுமே நீர் தங்கும். இவ்விரண்டின் தடிப்பும் தொடர்ச்சியும் இடத்துக்கிடம் மாறுவன.

கிணற்று நீரும் நீர்த்தாங்கி நீரும்

2 மீட்டர் விட்டமுள்ள பழைய வீட்டுக் கிணறு ஒன்றைக் கொள்வோம். அதில் நீர்மட்டம் 3 மீட்டர் தாழ்ந்தால் கிணற்றுக்குள் இருந்த நீர் மட்டுமே ஏறத்தாழ 9,400 லிட்டர் வெளியேறியிருக்கும். 9,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை அது நிரப்பிவிடும். இதில் பாறையின் பங்கு ஏதுமில்லை.

இவ்விளைவு நீடிக்கும் காலம், கிணற்று ஆரத்தின் வர்க்கத்தைக் கடத்துதிறனால் வகுத்துவரும் காலத்தைப் பொறுத்தது. கடத்துதிறன் நாளொன்றுக்கு 10 சதுர மீட்டர் எனக் கொண்டால், மேற்கண்ட கிணற்றுக்கு அது 144 நிமிடம், 16 செ.மீ. விட்டமுள்ள ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இக்காலம் பல மடங்கு கடந்த பின்னரே தைஸ் சமன்பாடு பொருந்தும். எனவே வீட்டுக் கிணற்றில் இரண்டு மணி நேரச் சோதனை பெரிதும் கிணற்றின் கொள்ளளவையே அளக்கிறது. பபடோபுலோஸும் கூப்பரும் 1967-இலேயே அகன்ற கிணறுகளுக்கெனத் தனித் தீர்வு தந்துள்ளனர். ஆயினும், நேரத்தை மடக்கை அளவில் குறித்து, புள்ளிகளின் ஒரு பகுதி நேர்கோட்டில் அமைந்ததும் அதையே சான்றாகக் கொள்வது பிழை. கோடு அமைவதால் கருதுகோள் மெய்யாகிவிடாது.

ஆழ்துளைக் கிணற்றுக்கு வேறு இடர் உண்டு. சோதனையின் பிற்பகுதியில் கோட்டின் சரிவு செங்குத்தானால், விரிசல் ஓரிடத்தில் முடிவதை அது உணர்த்தலாம். தொடக்கச் சரிவை மட்டும் கொண்டு கணித்தால் கடத்துதிறன் மிகைப்படும். மேலும், இறைக்கும் கிணற்றில் மட்டும் அளந்தால் சேமிப்புக் கெழுவை நம்பகமாகப் பெற இயலாது. கிணற்றுச் சுவரருகே நேரும் இழப்பும் அளவீட்டில் கலந்துவிடுகிறது.

பருவம்

சிதைவடுக்கில் நீர் நிறைந்துள்ள பகுதியின் தடிப்புக் குறையும்போது கடத்துதிறனும் குறைகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் பெற்ற மதிப்பு சித்திரைக்குப் பொருந்தாது. பெரும்பாலும் சித்திரையில்தான் தட்டுப்பாடு எழுகிறது. அளவைத் தீர்மானிப்பதோ மார்கழி எண்.

முடிவுரை

ஒரு மனையில் மாடிக் குடியிருப்பு எழும்போது எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பதை இத்தகைய எண்ணே முடிவுசெய்தால், அதன் பிழையை அண்டை வீட்டின் ஆழமற்ற கிணறு சுமக்கும். ஆகவே சோதனை அறிக்கை மூன்றைக் கட்டாயம் தரவேண்டும்: இறைப்பு நின்றபின் நீர்மட்டம் மீளும் அளவீடுகள், அண்டைக் கிணறு ஒன்றிலேனும் எடுத்த அளவீடுகள், சோதனை நாளும் அன்றைய நீர்மட்டமும். கடத்துதிறனை ஒற்றை எண்ணாகத் தராமல், பருவத்தோடு இணைந்த கீழ்-மேல் வரம்பாகத் தருவதே பாறை நிலத்துக்குப் பொருந்தும் நேர்மையான விடை.