குரலும் ஓர் உரையே
ஒலிநூல் வாசிப்பு பற்றி ஒரு திறனாய்வு

நூலைக் கண்ணால் படிக்கிறவன் தன் போக்கில் படிக்கிறான். ஐயம் எழுந்தால் நிற்கிறான். பொருள் விளங்காவிடில் மேல்வரிக்குத் திரும்புகிறான். காதால் கேட்கிறவனுக்கு அந்த உரிமை எளிதில் வாய்ப்பதில்லை. வாசிப்பவர் நிறுத்திய இடமே அவனுக்கு நிறுத்தம். அவர் அழுத்திய சொல்லே அவனுக்குக் கருத்து. எனவே ஒலிநூலில் ஆசிரியருக்கும் கேட்போருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். அவரை வெறும் ஒலிபெருக்கியாகக் கருதுதல் பொருந்தாது. அவரும் ஓர் உரையாசிரியரே. உரைகளை எடைபோடும் நாம் இந்தக் குரலுரையையும் எடைபோடக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நூலைப் பிறர் வாசிக்கக் கேட்பது நமக்குப் புதிதன்று. கோயில்களில் நிகழும் புராணப் படிப்பில் ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். அங்கே படிப்பவர் பிழைபட்டாலும் பயன் சொல்பவர் காப்பாற்றிவிடுவார். மேனாடுகளில் 1930களில் பார்வையற்றோர்க்கெனப் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் பதிவாயின. பின்னர் நாடாவும் குறுந்தட்டும் வந்தன; இன்று கைப்பேசியிலேயே நூல்நிலையம் ஒலிக்கிறது. கருவிகள் மாறின, ஆயின் பயன் சொல்வார் துணையின்றிக் குரல் ஒன்றே நூலைச் சுமக்கும் நிலை மட்டும் மாறவில்லை.

ஓசையும் பொருளும்

ஓசையால் பொருள் மாறும் என்பதை நம் இலக்கணப் புலவர்கள் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியப் புணரியலின் இறுதியில், எழுத்து ஒன்றாயிருந்தும் இசையால் பொருள் வேறுபடும் புணர்ச்சி பேசப்படுகிறது. ‘குன்றேறாமா’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் சான்று. குன்று ஏறு ஆமா எனப் பிரித்தால் அது குன்றில் ஏறும் காட்டுப்பசு. குன்று ஏறா மா எனப் பிரித்தால் குன்றில் ஏறாத விலங்கு. ஏட்டில் இருப்பது ஒன்றே; நாவில் பிறப்பவை இரண்டு. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகளை நன்னூலாரும் குறித்துச் சென்றார்.

இக்கால உரைநடையில் சொற்களைப் பிரித்து அச்சிடுகிறோம். ஆகவே இந்த இடர் தீர்ந்தது என்று சிலர் எண்ணக்கூடும். தீரவில்லை. தமிழ் வாக்கியம் தன் திறவுகோலை இறுதியில் வைத்திருப்பது. ‘மகனைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, களைப்பு மேலிட மண்டபத்தில் சாய்ந்து, விடியும்வரை அவர் உறங்கவில்லை’ என்று ஒரு தொடர் இருப்பதாகக் கொள்வோம். ‘அலைந்து’, ‘சாய்ந்து’ என்னும் எச்சங்களில் குரல் தாழ்ந்துவிட்டால், கேட்பவன் தொடர் முடிந்ததென்று கொள்வான். எச்சத்தில் குரல் தாங்கி நிற்க வேண்டும். முற்றில்தான் இறங்க வேண்டும். எச்சம், முற்று என்பவை தேர்வுக்காக மட்டும் கற்கும் இலக்கணமல்ல என்பதை ஒலிநூல் நமக்கு நினைவூட்டுகிறது.

உரையாடலில் இடர் இன்னும் மிகுதி. ‘போ என்று தழுதழுத்த குரலில் கூறினாள்’ என எழுதும் ஆசிரியர், சொல்லை முன்னும் சொன்ன விதத்தைப் பின்னும் வைக்கிறார். முன்னதாகப் படித்துப் பாராத வாசிப்பாளர் ‘போ’ என்பதைச் சினத்தோடு அதட்டிவிட்டு, அடுத்த நொடியே ‘தழுதழுத்த குரலில்’ என்று வாசிக்க நேர்கிறது. கண்ணால் படிப்பவன் இவ்வேறுபாட்டை மனத்தில் திருத்திக்கொள்வான், கேட்பவன் திகைப்பான். ஒரு பக்கம் முன்னே பார்த்து வாசிப்பவரே நல்ல வாசிப்பாளர்.

வரிவடிவமும் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. ‘வீமன் கதை’ என்று எழுதியிருந்தால் அது அவன் வரலாறா, அவன் கையிலுள்ள படைக்கலமா? ‘பாவம்’ என்பது தீவினையா, மெய்ப்பாடா? எழுத்து ஒன்று, வழக்கில் ஒலி இரண்டு. எதைக் கொள்வதென்பதை வாசிப்பவர் பொருளறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ தரும் பாடம்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ ஒலிவடிவில் பலமுறை பதிவான நூல். பாம்பே கண்ணன் கலைஞர் பலரைக் கொண்டு அதனை ஒலிநூலாக்கினார். ஒருவரே முழுவதும் வாசித்த பதிவுகளும் உண்டு. இவ்விரு முறைகளில் எது சிறந்தது?

பலர் நடிப்பதால் விளையும் நன்மை வெளிப்படை. பேசுபவர் யார் என்ற மயக்கம் எழுவதில்லை. வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அது பழகிய இன்பமுமாகும். ஆயினும் நாவலுக்கும் நாடகத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாடகத்தில் ஆசிரியர் திரைக்குப் பின்னே இருக்கிறார். கல்கியோ திரைக்கு முன்னேயே இருக்கிறார். தொடக்கத்திலேயே வாசகர்களைக் கற்பனை ஓடத்தில் ஏற்றிக்கொள்கிறார், இடையிடையே நிறுத்திப் பேசுகிறார், வரலாறு சொல்கிறார், நகைக்கிறார். அந்நாவலில் மிகுதியாகப் பேசும் பாத்திரம் வந்தியத்தேவன் அல்லன், கதைசொல்லியே. அக்குரல் உரையாடல்களை இணைக்கும் வெறும் அறிவிப்பாகச் சுருங்கினால், கதை மிஞ்சும், கல்கி மறைவார். ஒரே குரல் நூல் முழுவதையும் நடத்தும்போது இந்த உறவு அறாமல் நிற்கிறது. ஆகவே நாவலுக்கு ஒருவர் வாசிப்பே உகந்தது என்பது என் துணிபு.

அந்த ஒருவர் எவ்வாறு வாசிக்க வேண்டும்? நந்தினியை எடுத்துக்கொள்வோம். இனிய சொல்லுக்குள் வஞ்சம் வைத்துப் பேசுபவள் அவள், வஞ்சிக்கப்பட்டவளும் அவளே. அவளை வெறுப்பதா, அவளுக்காக இரங்குவதா என்று படிப்போரை அலையவைப்பதில் கல்கியின் திறம் விளங்குகிறது. வாசிப்பாளர் முதல் சந்திப்பிலேயே அவள் குரலில் நஞ்சைக் கலந்துவிட்டால், ஆசிரியர் பல நூறு பக்கங்களில் காத்த ஐயம் ஒரே மூச்சில் அழிந்துபோகும். வாசிப்பாளர் கதையின் முடிவை அறிந்திருக்க வேண்டும். அறிந்ததைக் குரல் காட்டிக்கொடுக்கலாகாது. ஆழ்வார்க்கடியான் சைவரோடும் அத்வைதியோடும் சொற்போரிடும் பகுதியும் இத்தகையதே. மூவருக்கும் மூன்று கோமாளிக் குரல் கொடுத்தால் சிரிப்பு எழும். வாதம் காதில் ஏறாது. குரலின் வேகத்தில் சிறு மாற்றமே அங்குப் போதும். மிகைநடிப்பு அறியாமையைவிடப் பெருங்குறை. அறியாமை ஓரிரு சொல்லைக் கெடுக்கும், மிகைநடிப்போ நூல் முழுவதையும் கெடுக்கும்.

நம் கதைகளை யார் வாசிப்பது?

மலேசிய, சிங்கப்பூர்க் கதைகள் ஒலிநூலாகும்போது வேறொரு வினா எழுகிறது. லயம், பெரட்டு, தவுக்கே என்னும் சொற்கள் நம் தோட்டப்புற வாழ்வின் உயிர்ச்சொற்கள். சுங்கை, புக்கிட் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களும் கதைதோறும் வரும். இவற்றைக் கேட்டறியாத ஒருவர், இனிய குரலும் தெளிந்த உச்சரிப்பும் உடையவராயினும், வேற்றூர்ப் பெயர்ப்பலகையைப் படிப்பவர்போல் தடுமாறுவார். அதற்காக மண்ணின் பேச்சைக் கேலிக்குரலாக்கி இழுத்துப் பேசுவதும் முறையன்று. கி. ராஜநாராயணனின் கரிசல் தமிழுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரு வட்டாரத்துப் பேச்சை அவ்வட்டாரத்தார் இயல்பாகப் பேசுவதுபோலவே வாசிக்க வேண்டும்.

இன்று இயந்திரக் குரலும் களத்திற்கு வந்துள்ளது. 2023ஆம் ஆண்டில் ஆப்பிள், அமேசான் முதலிய பெருநிறுவனங்கள் ஆங்கில நூல்களைக் கணினிக் குரலில் ஒலிநூலாக்கும் வழியைத் திறந்தன. செலவு குறைவு, சோர்வும் இல்லை. அச்சில் மட்டும் கிடக்கும் நூல்களைப் பார்வையற்றோர் செவிக்குக் கொண்டுசேர்க்க அது பயன்படுமாயின் வரவேற்போம். ஆனால் உச்சரிப்புத் திருத்தம் வேறு. பொருளுணர்ந்த நிறுத்தம் வேறு. பின்னதில் பிழை நேரும்போது, அதனைக் கேட்டுத் திருத்தத் தமிழறிந்த ஒருவர் அருகில் இருந்தே தீர வேண்டும்.

இதனை ஏதோ பொழுதுபோக்கின் நயம்பற்றிய பேச்சென்று எண்ணிவிடலாகாது. பார்வையிழந்தோர், கண் மங்கிய முதியோர், தமிழைக் கேட்டால் புரிந்துகொண்டு படிக்கத் தயங்கும் நம் இளைஞர் ஆகியோர்க்கு ஒலிநூலே நூல். அவர்கள் அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை. வாசிப்பு சலிப்பூட்டினால், ‘வாசிப்பவர் சரியில்லை’ என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். ‘தமிழ் நாவல் சலிப்பானது’ என்றே சொல்லி விலகிவிடுவார்கள். குரலின் குற்றம் மொழியின் தலையில் விழும்.

எனவே தமிழாசிரியர்கள் வாய்விட்டு வாசித்தலை மீண்டும் வகுப்பின் நடுவே வைக்க வேண்டும். எச்சத்தில் தாங்கி முற்றில் இறக்கவும், உரையாடலை முன்னோக்கிப் பார்த்து வாசிக்கவும், ழகர லகர ளகரங்களை மயங்காது ஒலிக்கவும் மாணவரைப் பழக்க வேண்டும். நாளை ஒலிப்பதிவுக் கூடத்தில் அமரவிருக்கும் குரல் இன்று நம் வகுப்பறையில்தான் இருக்கிறது.