எழுத்தாளர் சங்கங்களும் நாவலாக்கப் பயிற்சியும்

ஈழத்து எழுத்தாளர் சங்கங்களை ஆராய்ந்தோர் அவற்றைப் பெரும்பாலும் இயக்கங்களாகவே நோக்கியுள்ளனர். சங்கம் எக்கொள்கையை வலியுறுத்தியது, எவருடன் முரண்பட்டது, எவ்வாறு பிளவுற்றது என்பன விரிவாக எழுதப்பட்டுள்ளன. அக்கூட்டங்களில் அமர்ந்திருந்த இளைஞன் நூலொன்றை எழுதி முடிப்பதற்கு அங்கு எதனைக் கற்றான் என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. இது வெறும் உத்தி பற்றிய வினாவன்று. உயர்கல்வியும் பிறமொழி நூல்களும் கைக்கெட்டாதவர்க்குச் சங்கமே பள்ளியாயிற்று. டொமினிக் ஜீவா சிகையலங்காரத் தொழிலாளி, கே. டானியலும் உடலுழைப்பால் வாழ்ந்தவர். அப்பள்ளியிற் குறையிருப்பின் அதன் சுமை இத்தகையோர் மீதே கூடுதலாக விழும்.

1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது. அதன் அச்சுச் சஞ்சிகை 1946 முதல் 1948 வரை வெளிவந்தது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் அமைந்தது. நோக்கில் வேறுபட்ட இவ்விரு காலங்களுக்கும் பொதுவான ஒன்றுண்டு. ஒரு மாலைப்பொழுதில் வாசித்து விவாதிக்கக்கூடிய ஆக்கமே இத்தகைய கூட்டங்களுக்கு இயல்பாகப் பொருந்துவது. சிறுகதையும் கவிதையும் அவ்வளவினுள் அடங்கின. தொடக்கம் தளர்கிறதா, முடிவு வலிந்து வருகிறதா, பாத்திரம் தன் ஊர்ப்பேச்சிலே பேசுகிறதா என்பனவற்றைக் கேட்டிருப்போர் உடனே கூறலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் ‘இழிசனர் வழக்கு’ என்ற பழி எழுந்தபோது மக்கள் பேச்சைக் கையாண்டவர் தனித்து நிற்கவில்லை. 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதியை இச்சூழலிலிருந்து பிரித்து மதிப்பிட முடியாது.

நாவலின் நிலை வேறு. முந்நூறு பக்கங்களை எந்தக் கூட்டமும் ஓரமர்வில் கேளாது. அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே பாராட்டுப் பெறலாம். மூன்றாம் அத்தியாயத்தில் இட்ட வித்து இருபதாம் அத்தியாயத்தில் முளைத்ததா என்பதை அங்கிருந்த எவரும் அறியார். பத்திரிகைத் தொடரும் இதே பழக்கத்தை வளர்த்தது. தினகரனில் தொடராக வெளிவந்த இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ நாவலை நூலுருவில் வாசிப்போர் வாரந்தோறும் வாசகனை ஈர்த்து நிறுத்தவேண்டிய தேவையின் தடங்களை உணர்வர். ஐவர் கூடி எழுதிய ‘மத்தாப்பு’ சுவையான பரிசோதனையே. ஆயின் கூடி எழுதுவது வேறு, ஒருவன் எழுதியதைக் கூடிச் செப்பனிடுவது வேறு.

செ. கணேசலிங்கனின் ‘செவ்வானம்’ 1967இல் கைலாசபதியின் நீண்ட முன்னுரையுடன் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலுருப் பெற்றது. முற்போக்கு விமர்சகர் எழுத்தாளருக்குக் கட்டளையிட்டனர் என்பது பழைய குற்றச்சாட்டு. நமது குறை அதற்கு எதிரானது: முழு நாவலையும் ஓருருவமாகக் கண்டு பேசிய விமர்சனம் பெரும்பாலும் முன்னுரையாகவும் மதிப்புரையாகவுமே வந்தது. அது வாசகனுக்கு உதவிற்று, எழுதியவனுக்கோ காலங்கடந்திருந்தது.

‘பஞ்சமர்’ (1972) பற்றி உருவம் தளர்ந்தது என்று கூறி அமைவோர் உளர். அத்தளர்ச்சியின் ஒரு பகுதி கிராமத்துக் கதைசொல்லலின் இயல்பு என்றே நாம் கருதுகிறோம். சாதிக்கொடுமையை உள்ளிருந்து கண்டவரின் கதை கிளை கிளையாகப் பிரிவதிலே தவறில்லை. நிகழ்ச்சி உணர்த்திவிட்டதை ஆசிரியர் மீண்டும் எடுத்துரைக்கும் இடங்களோ வேறு. முழுப் படியையும் அச்சேறுமுன் கையிற் கொண்ட நண்பர் இருவர் சொல்லித் திருத்தியிருக்கக்கூடியவை அவை. அதற்கு மேடை வேண்டியதில்லை. ஒரு மாத காலமும் நட்பு முறியாதென்ற நம்பிக்கையும் போதும்.

பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கன்று. பேராதனை மாணவர் 1962இல் கூடி வெளியிட்டதும் ‘கதைப் பூங்கா’ என்ற சிறுகதைத் தொகுதியே. அக்குழுவிலிருந்த செங்கை ஆழியான் பின்னர் ‘வாடைக்காற்று’ (1973) நாவலுக்கு வேண்டிய கட்டமைப்பை வேறிடத்திற் கண்டார். நெடுந்தீவில் வாடை தொடங்க வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, பருவம் முடியப் பெயரும் மீனவரின் வாழ்வு அந்நாவலுக்குத் தொடக்கத்தையும் முடிவையும் தானே வகுத்துக் கொடுத்தது. புவியியல் பயின்றவரின் கண்ணுக்கு அப்பருவ ஒழுங்கு எளிதிற் புலப்பட்டிருக்கும்.