கதைக்கு வெளியே நின்ற பெண்கள்

மலாய்த் திரை நடிகர் பி. ரம்லி, பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத்துப் பிள்ளை. 1929இல் அவர் பிறந்த மரவீடு, அவர் பெயரிலேயே உள்ள சாலையில் நினைவில்லமாக நிற்கிறது. அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். இதைப் பினாங்குத் தமிழர்கள் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மலாய்க் கலைக்கும் தமிழ்க் கலைக்கும் இதைவிடப் பழைய உறவு ஒன்று நாடக மேடையில் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் 1880களில் பங்சாவான் என்ற மலாய் நாடக வடிவம் பிறந்தது. தமிழ் இசை நாடகமும் தீட்டிய திரைச்சீலை, ஆர்மோனியம், இந்துஸ்தானி மெட்டு எனப் பலவற்றை அதே பார்சி மேடையிலிருந்து எடுத்துக்கொண்டது. பங்சாவானில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே 'எக்ஸ்ட்ரா டர்ன்' உண்டு. திரைக்குப் பின்னால் அரண்மனை காடாக மாறிக்கொண்டிருக்கும். முன்னால் பாட்டும் ஆட்டமும் சிரிப்பும் நடக்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் அந்த வேலையைப் பபூனும் டான்ஸ்காரியும் செய்தார்கள். இருவரும் வழியில் சந்திப்பார்கள், வம்பிழுப்பார்கள், பாட்டிலேயே சண்டை போடுவார்கள். மேடைக் கதையின் வள்ளிக்கும் முருகனுக்கும் அதோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

தமிழ் சினிமாவின் நகைச்சுவை நடிகை இந்த இடத்திலிருந்துதான் வந்தாள் என்பது என் துணிபு. கதாநாயகி அழவும் காத்திருக்கவும் கற்பை நிரூபிக்கவும் வேண்டியிருந்தது. கதைக்கு வெளியே நின்றவளுக்கு அந்தச் சுமை இல்லை. அவள் புருஷனை எதிர்த்துக் கேள்வி கேட்கலாம், அவன் பொய்யைப் பிடிக்கலாம், கடைசி வார்த்தையைத் தானே பேசலாம்.

டி. ஏ. மதுரம் இதற்கு முழுமையான சான்று. திருச்சிப் பக்கத்துப் பெண். 1936இல் வெளிவந்த 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போனபோது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனோடு பழக்கம் ஏற்பட்டது. அப்புறம் பல பெரிய படங்களில் அவர்கள் ஜோடியாக வந்தார்கள். 'அம்பிகாபதி', 'உத்தம புத்திரன்', 'ஆர்யமாலா', 'சந்திரலேகா' என்று பட்டியல் நீளும். நகைச்சுவைப் பகுதியைக் கலைவாணர் தம் குழுவை வைத்துத் தனியாக எழுதி, தனியாகப் படமெடுத்துக் கொடுப்பது வழக்கம். எனவே ராஜா ராணிப் படத்துக்கு நடுவிலும் மதுரம் சாதாரண வீட்டுப் பெண்ணாக வந்து போக முடிந்தது.

அந்தக் காட்சிகளில் அவர் செய்வதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கிருஷ்ணன் ஏதோ பெரிய தத்துவத்தை அவிழ்த்துவிடுவார். மதுரம் உடனே சிரிக்கமாட்டார். புரியாதவர் போல் ஒரு சின்னக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியில்தான் காட்சியே திரும்பும். கேள்வி ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் கிருஷ்ணனின் பதில் வெறும் பிரசங்கமாகிவிடும். கலைவாணரின் சிந்தனையைப் பாராட்டும் கட்டுரைகள் ஏராளம். அந்தச் சிந்தனையைச் சிரிப்பாக்கிய தாளம் யாருடையது என்று அவை கேட்பதே இல்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் நடிகர் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1947 ஏப்ரலில் விடுதலை. இந்த இரண்டரை ஆண்டில் ஜோடியின் பாதி சிறையில் இருந்தபோது மதுரம் வீட்டோடு முடங்கவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என். எஸ். கே. நாடக சபையை நடத்தினார். வழக்குச் செலவையும் சுமந்தார். சபையின் 'பைத்தியக்காரன்' நாடகம் படமாகி 1947இல் வந்தது. விடுதலையான கிருஷ்ணனுக்காக அதில் காட்சிகள் சேர்க்கப்பட்டன. அவர் திரும்பி வர மேடை மிச்சமிருந்தது என்றால் அதற்குக் காரணம் மதுரம். 1957இல் கிருஷ்ணன் மறைந்தார். மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

மதுரம் தனி ஆள் இல்லை. 'சபாபதி'யில் (1941) காளி என். ரத்னத்தோடு வந்த சி. டி. ராஜகாந்தம், மதுரத்தைப் போல் நாசூக்கு பார்க்காதவர். அடித்துப் பேசும் வேலைக்காரியாக அவர் கொடுத்த வேகம் இன்றும் தளரவில்லை. 'கல்யாண பரிசு' படத்தில் நகைச்சுவை நடிகர் தங்கவேலுவின் புளுகை நம்பும் எம். சரோஜா நிஜ வாழ்விலும் அவர் மனைவியானார். 'அறிவாளி'யில் (1963) டி. பி. முத்துலட்சுமிக்குப் பூரி சுடக் கற்றுக்கொடுக்கிறார் தங்கவேலு. மாவு, தண்ணீர், உருண்டை என்று ஒவ்வொரு படிக்கும் அது தனக்கு முன்பே தெரியும் என்கிறார் முத்துலட்சுமி. ஒரே பதில்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் தொனி கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் தங்கவேலுவின் பொறுமை கரைகிறது. அறுபது ஆண்டுகளாகத் தமிழ் வீடுகளின் சமையலறையில் அந்தப் பதில் புழங்குகிறது.

மனோரமா இந்த வரிசையில் வந்தவர், அதை உடைத்தவரும்கூட. மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகத்தில் தேறி, 1958இல் 'மாலையிட்ட மங்கை' மூலம் தமிழ்த் திரைக்கு வந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவருக்குக் கிடைத்தது ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரி வேடம். எந்த டான்ஸ்காரியைக் கதைக்கு வெளியே நிறுத்தினார்களோ, அவளையே மனோரமா கதைக்குள் நடக்கவிட்டார். பேரெடுத்த நாதஸ்வர வித்வான் முன்னால் தன் தொழிலைப் பற்றிக் கூசாமல், நிமிர்ந்து பேசுகிறாள் ரமாமணி. சிரித்துக்கொண்டே அவளை மதிக்கத் தொடங்குகிறோம். அப்புறம் அவர் தாயாகவும் மாமியாராகவும் கதையின் நடுவில் வந்து உட்கார்ந்தார். 'புதிய பாதை' (1989) படத்துக்காகத் தேசிய விருது பெற்றபோது அவர் அழவைத்துத்தான் வாங்கினார். சிரிக்கவைத்ததற்காக அந்த விருது மதுரத்துக்கும் ராஜகாந்தத்துக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் காலத்தில் அப்படி ஒரு விருதே இருக்கவில்லை.