ஒலிநாடாவின் தரமும் ‘மலிவு’ என்னும் கருத்தும்: டிடிகே எஸ்ஏ, எம்ஏ-ஆர் நாடாக்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கேசட் குறித்த பண்பாட்டாய்வுகளில் பீட்டர் மேனுவலின் ‘கேசட் கல்ச்சர்’ (1993) தவிர்க்கவியலாத நூல். மலிவான ஒலிநாடா வட இந்திய இசைச் சந்தையைப் பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து எவ்வாறு விலக்கியது என்பது அதன் மைய வினா. அவ்வினாவிற்கு அது தரும் விடையும் வலுவானது. ஆயினும் அவ்விடையைக் கேசட்டின் பொது இலக்கணமாகக் கொள்வது பொருந்தாது. 1970களில் உருவான உயர்தர நாடாக்கள் அவ்விலக்கணத்திற்குள் அடங்குவதில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டின் நாடா 3.81 மி.மீ. அகலமுடையது, நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுவது. இவ்வேகத்தில் 10,000 ஹெர்ட்சு ஒலியின் ஓர் அலை ஐந்து மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நீளத்தில் பதிவாக வேண்டும். அத்துணைக் குறுகிய காந்தப்பகுதிகள் தம்மைத் தாமே வலுவிழக்கச் செய்துகொள்ளும். எனவே காந்த நீக்குத்திறன் மிகுந்த துகள்கள் தேவைப்பட்டன. உயர்தர நாடாவின் வரலாறு முழுவதும் இந்த ஓர் இடரோடு நடந்த போராட்டமே எனலாம்.

டுபாண்ட் உருவாக்கிய குரோமியம் டை ஆக்சைடு முதல் தீர்வாக அமைந்தது. டிடிகே 1975இல் வெளியிட்ட எஸ்ஏ நாடா வேறு வழியை நாடியது: இரும்பு ஆக்சைடுத் துகளின் மேற்பரப்பில் கோபால்ட்டைப் படியச் செய்தது. குரோமியமே இல்லாத இந்நாடா, குரோமியத்திற்கென ஒலிப்பதிவுக் கருவிகளில் இருந்த அமைப்பிலேயே இயங்கியது. கேட்பவரைப் புதிய கருவி வாங்க வைக்காமல் தரத்தை உயர்த்திய இதனையே இத்துறையின் தலையாய சாதனையாகக் கருதுகிறேன்.

தூய இரும்புத் துகள்களாலான உலோக நாடா அத்தகையதன்று. அதில் பதிவு செய்யவும் அழிக்கவும் புதிய காந்தமுனைகள் தேவைப்பட்டன. டிடிகேயின் எம்ஏ-ஆர் (1979) இவ்வகையின் உச்சம். அதன் வார்ப்பு உலோகச் சட்டம் வெறும் அணியன்று. கூடு சற்றே வளைந்தாலும் காந்தமுனையோடு நாடா கொள்ளும் கோணம் பிறழும், மேல்நிலை அதிர்வெண்கள் மங்கும். ஆனால் அச்சட்டத்தைக் கண்ணுக்குக் காட்டும் ஒளிபுகு பக்கங்கள் ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. (சேகரிப்போர் அவற்றையே பெரிதும் போற்றுவது வேறு செய்தி.) பொறியியலும் பகட்டும் ஒரே பொருளில் இவ்வாறு கூடிநிற்பதை ‘மலிவு’ என்னும் கருத்தாக்கத்தைக் கொண்டு விளக்கவியலாது.

இவ்வேறுபாடு களப்பதிவுகளை எண்மமாக்கும் ஆய்வாளரை நேரடியாகப் பாதிப்பது. சாதாரண நாடாவின் சமனாக்கம் 120 மைக்ரோநொடி. குரோமிய, உலோக வகைகளுக்கு 70. 70இல் பதிந்ததை 120இல் இயக்கினால் மேல்நிலை அதிர்வெண்கள் நான்கு டெசிபலுக்கும் மேலாக மிகைப்படும், இரைச்சலும் உடன் உயரும். பாடகரின் குரல் உள்ளதைவிடக் கூர்மையாக ஒலிக்கும். அதனைக் குரற்பண்பாக ஆய்வாளர் விளக்கிவிடவும் கூடும். நாடாவின் வகையை மட்டும் நம்பவும் இயலாது. விற்பனைக்கு வந்த இசைக் கேசட்டுகள் பல, குரோமிய நாடாவில் 120 சமனாக்கத்துடனேயே பதியப்பட்டன. ஆகவே ஆவணக்காப்பகப் பட்டியல்களில் பாடகர், இடம், நாள் ஆகியவற்றோடு நாடாவின் வகை, சமனாக்கம், இரைச்சல் குறைப்பு முறை ஆகியனவும் தனித்தனியே பதிவாதல் வேண்டும்.