இரட்சணிய யாத்திரிகத்தில் பொறை

வராகமூர்த்தி கோயில் கொண்ட ஸ்ரீவராகத்தில் வாழும் நாம், நிலமகளின் பொறுமையை அறியாதவர் அல்லோம். தன்னைத் தோண்டுவோரையும் சுமக்கும் நிலத்தையே வள்ளுவர் பொறைக்கு உவமையாக்கினார். வைணவராய்ப் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவி, நம் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பித்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, அப்பொறையை இரட்சணிய யாத்திரிகத்தில் (1894) சிலுவையில் காட்டுகிறார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய அவர், அதில் விரிவாக இல்லாத இயேசுவின் பாடுகளைத் தாமே விரித்துப் பாடினார். தம்மை அறைந்தோரை மன்னிக்குமாறு வேண்டும் இயேசு, அவர்தம் அறியாமைக்கு இரங்குகிறார். சினத்தை அடக்குதல் வேறு. தீங்கு செய்தோர்க்கு இரங்குதல் வேறு. அடக்கிய சினம் மீண்டும் எழும். இரங்கிய நெஞ்சில் அதற்கு இடமில்லை. சொத்துப் பிணக்கால் ஊரிலுள்ள உடன்பிறந்தாரோடு பேச்சற்றிருப்போர் நம்மிலும் உளர். காப்பியம் கற்றதன் பயன், அவர்க்கு நாமே முதலில் ஒரு கடிதம் எழுதுவதன்றோ?