முதல் கடிதம் யாருக்கு?

ஹும்பர்ட்டோ சோலாஸ் 1968இல் இயக்கிய கியூபத் திரைப்படம் ‘லூசியா’. மூன்று காலங்களில் மூன்று பெண்கள். மூவருக்கும் பெயர் லூசியா. புரட்சிக்குப் பிந்தைய கிராமத்தில் நடக்கும் மூன்றாம் பகுதியை எப்போது பார்த்தாலும் ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. கற்பிக்க வரும் ஆசிரியருக்குக் கதவைத் திறக்கும் உரிமை அந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது?

இந்தப் பகுதியின் பின்னணியில் 1961ஆம் ஆண்டின் எழுத்தறிவு இயக்கம் இருக்கிறது. சுமார் ஒரு லட்சம் இளையோர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், விளக்கும் பாடநூலும் சுமந்து கிராமங்களுக்குப் போனார்கள். மாணவரின் குடிசையே வகுப்பறை. அங்கேயே தங்கி, பகலில் அக்குடும்பத்தோடு வயலில் உழைத்து, இரவில் பாடம் நடத்தினார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. மானுவல் அஸ்குன்ஸே என்ற பதினாறு வயது ஆசிரியரும், அவர் தங்கியிருந்த வீட்டின் விவசாயியும் எதிர்ப்புரட்சிக் குழுவினரால் சேர்த்தே கொல்லப்பட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

ஆனால் எல்லாக் குடிசைக்குள்ளும் புரட்சி ஒரே வேகத்தில் நுழைந்துவிடவில்லை. படத்தின் தொமாஸ் புரட்சியை நம்புகிறவன், மனைவியை நம்பாதவன். திருமணமானதும் அவளை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்துகிறான். ஜன்னல்களை ஆணியடித்து மூடுகிறான். ஹவானாவிலிருந்து வரும் ஆசிரியரை, மேலிருந்து வந்த உத்தரவு என்பதால்தான் சகித்துக்கொள்கிறான். பாடம் நடக்கிறது, கணவனின் கண்கள் காவல் நிற்கின்றன. சோலாஸ் இதை நகைச்சுவையாகவே எடுத்திருக்கிறார். ‘குவாந்தனமேரா’ மெட்டு இடையிடையே வந்து தொமாஸைக் கேலி செய்கிறது. நாமும் சிரிக்கிறோம், பூட்டிய அறைக்குள் ஒரு பெண் இருப்பதை ஒரு கணம் மறந்து.

என் முதல் மறுப்பு இங்கேதான். படத்தின் ஆசிரியர் ஓர் ஆண். வரலாற்றிலோ, அந்த இளம் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆணை அனுப்பியதால், லூசியாவின் கல்வி இரண்டு ஆண்களுக்கு இடையிலான சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பெண் அந்த வீட்டுக்குள் வந்திருந்தால் தொமாஸுக்குப் பொறாமை என்ற சாக்கு இருந்திருக்காது. அவன் அஞ்சுவது இன்னொரு ஆணுக்கு அல்ல, எழுத்துக்குத்தான் என்பது வெளிப்பட்டிருக்கும்.

கேத்தரின் மர்ஃபியின் ‘மாயெஸ்த்ரா’ (2012) ஆவணப்படம் அந்தப் பெண் ஆசிரியர்களைத் தேடிப் போகிறது. வீட்டாரின் தயக்கத்தையும் மறுப்பையும் மீறி வெளியே வந்த சிறுமிகள், முதியவர்களாகித் தம் இளமையை நினைவுகூர்கிறார்கள். பிறர் வீட்டுக்குப் போனது அவர்களைத் தம் வீட்டிலிருந்து விடுவித்தது. அரிய பதிவு இது. ஆனால் படத்தின் கவனம் விளக்கைக் கொண்டுபோனவர்கள் மீதே விழுகிறது. அதன் வெளிச்சத்தில் குனிந்து எழுதிய பெண்ணுக்கு என்ன ஆனது?

கற்று முடித்தவர்களுக்கு இறுதித் தேர்வாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள், ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு. அக்கடிதங்கள் ஹவானா அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அவற்றின் பெருமிதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு பெண் முதன்முதலாக எழுதும் கடிதமும் ஓர் ஆண் தலைவரின் முகவரிக்கே போக வேண்டியிருந்தது. சோலாஸின் லூசியா வேறொரு கடிதம் எழுதுகிறாள். தன் எழுத்தைக்கொண்டு, தான் போவதாகவும், தான் அடிமையல்ல என்பதாகவும் கணவனுக்குத் தெரிவித்துவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விடுகிறாள். குறைகளை மீறி இந்தப் படத்தை நான் நேசிப்பது அந்த ஒரு துண்டுச் சீட்டுக்காக.

சில ஆண்டுகளுக்கு முன், படிப்பை நிறுத்திய மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். அப்பா நாற்காலி போட்டார், காப்பி வந்தது. அரை மணி நேரம் அவரிடமே பேசிவிட்டுத் திரும்பினேன். அவள் உள்ளேதான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கதவு எனக்குத் திறந்தது என்று அன்று மகிழ்ந்திருந்தேன்.

படத்தின் முடிவில் தொமாஸும் லூசியாவும் கடற்கரையில் சண்டையிட்டுத் தழுவி, மீண்டும் சண்டையிடுகிறார்கள். ஒரு சிறுமி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் வழியே போகிறாள். சமரசமா பிரிவா என்று படம் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தபிறகும் அவள் அதே மனிதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் காட்டுகிறது.